இன்னொரு தடவை சாவதற்கான விண்ணப்பம்

ஒரு மனிதன் எத்தனை தடவை சாகலாம் என்பதற்கு வெள்ளைக்காரன் காலத்தில் சட்டம் எதுவும் இருக்கவில்லை. மேடையில் சாகிறவனைத்தான் சொல்கிறேன். செமோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் மாயாண்டி என்று ஒருவன் இருந்தான். அன்றாடம் பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுப்பான். மாரியம்மன் திருவிழா வந்தால் ராஜபார்ட் போடுவான். தோட்டத்து நாடகத்தில் கடைசிக் காட்சி அவனுடைய சாவு. துரோகி மந்திரியின் கத்தி பாய்ந்து ராஜா கீழே சாய்வார். ராணியை நினைத்து ஒரு பாட்டுப் பாடுவார். பாட்டு முடிந்ததும் உயிரை விடுவார். விட்ட மறுநிமிடமே கூட்டத்திலிருந்து "ஒன்ஸ்மோர்!" என்று குரல் கிளம்பும். செத்த ராஜா எழுந்து, முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, சபைக்கு ஒரு கும்பிடு போட்டு, மறுபடி குத்து வாங்கி, மறுபடி பாடிச் சாவார். ஒரு திருவிழாவில் மந்திரியாக நடித்த அர்ச்சுனனுக்குக் குத்திக் குத்திக் கை வலித்துப்போய், "அண்ணே, இனிமே நீங்களே குத்திக்குங்க" என்று கத்தியைக் கையில் கொடுத்துவிட்டான்.

இப்படிச் சீரும் சிறப்புமாகச் செத்துக்கொண்டிருந்தவனுக்கு ஜப்பான்காரன் வந்துதான் உயிர்ப்பயம் காட்டினான்.

துரைமார் இரவோடு இரவாகச் சிங்கப்பூர்ப் பக்கம் ஓடிவிட்டார்கள். தோட்டத்தில் பால் வெட்டு நின்றது. மரவள்ளிக்கிழங்கே சோறாகவும் பலகாரமாகவும் ஆயிற்று. நாற்பத்து மூன்றாம் வருஷம் சயாமில் ரயில் பாதை போடுகிறோம், ஆள் வேண்டும் என்றார்கள். மூன்று மாதம் வேலை, வயிறு நிறைய அரிசி, கட்டிக்கொள்ளத் துணி என்றும் சொன்னார்கள். அர்ச்சுனனின் தம்பி நம்பிப் போனான். மூன்று மாதம் போய் ஆறு மாதம் ஆயிற்று. போனவர்களில் ஒருத்தனும் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு யாரும் தானாகப் போகவில்லை. ஆகவே லாரி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று.

செமோரில் மளிகைக் கடை வைத்திருந்த மதார் சாகிப்தான் மாயாண்டிக்கு ஒரு வழி சொன்னார். "நாடகக்காரனுக்கு ஈப்போவில அட்டை குடுக்கிறாங்களாம் மாயாண்டி. கலைஞர் அட்டை. முத்திரை குத்தின அட்டை இருந்தா சயாமுக்குப் புடிக்க மாட்டாங்களாம். நீதான் நல்லாச் சாவியே, போய்க் கேளு லா."

ஈப்போவில் துரைமார் பில்லியர்ட்ஸ் ஆடிக்கொண்டிருந்த கிளப்புக் கட்டடத்தில் அந்த அலுவலகம் இருந்தது. வாசலில் 'பேராக் அரங்கத் தூய்மை நிலையம்' என்று பலகை தொங்கியது. நாடகம், பாட்டு, கூத்து ஆகிய மூன்றிலும் பகைவனின் மொழி ஒட்டிக்கொண்டிருந்தால் அதைச் சுரண்டி எடுப்பது நிலையத்தின் கடமை. பொறுப்பாளர் ஜெயபாலன். வெள்ளைக்காரன் காலத்தில் அதே கட்டடத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். அப்போது யாராவது இங்கிலீஷைத் தப்பாகப் பேசினால் திருத்துவார்; இப்போது சரியாகப் பேசினால் திருத்துகிறார். மற்றபடி அவருடைய மேசை, நாற்காலி, மூக்குக்கண்ணாடி எல்லாம் பழையவைதான்.

"என்ன தொழில்?" என்றார்.

"ராஜபார்ட்டுங்க, சார்."

ஜெயபாலன் பேனாவைக் கீழே வைத்தார். "இரண்டே சொல் பேசினாய். அதில் ஒன்றரைச் சொல் பகைவனுடையது. ராஜா நம்முடையவர். பார்ட் அவனுடையது. சார் முழுக்க முழுக்க அவனுடையது."

"எங்க நாடகத்துப் பேச்சுங்க அது. எங்கப்பா காலத்திலேர்ந்து இருக்கு."

"உன் தகப்பனாரும் பகைவனின் கைப்பாவை என்று எழுதிக்கொள்ளலாமா?"

"வேணாங்கய்யா."

"மேடைக்குப் பின்னால் தொங்கும் துணியை என்னவென்று சொல்வீர்கள்?"

"ஸீனுங்க." மாயாண்டி உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். அதுவும் பகைவன் சொல்தானாம். ஒத்திகைக்கு அவர்கள் சொல்லிவந்த 'ரியர்சல்' அவன் சொல். நாடகம் நடக்கும் 'ஸ்டேஜ்' அவன் சொல். ஓரத்தில் ஒளிந்துகொண்டு வசனம் எடுத்துக் கொடுக்கிறவனுடைய பெயரைச் சொல்லவே மாயாண்டிக்குத் தைரியம் வரவில்லை. தன் தொழிலைப் பற்றித் தானே வாய் திறக்க முடியாத நிலை. கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துப் பெண்டாட்டி வேறொருத்தன் மனைவி என்று யாரோ சொன்னது போல இருந்தது அவனுக்கு.

"பாட்டை மறுபடி கேட்க ஜனங்கள் என்ன சொல்வார்கள்?"

இந்தக் கேள்வியில் மாயாண்டிக்கு உயிர் வந்தது. "அது சுத்தமா நம்ம பேச்சுங்கய்யா. ஒன்ஸ்மோர்."

ஜெயபாலன் கண்களை மூடிக்கொண்டார்.

மாயாண்டியால் நம்பவே முடியவில்லை. "ஐயா, கோவிச்சுக்காதீங்க. எந்தத் துரையும் எங்க நாடகத்துக்கு வந்து அதச் சொன்னதே இல்லீங்க. கத்துனதெல்லாம் எங்க சனங்கதான். கெழவி, கொழந்த வரைக்கும் கத்தும். அவன் ஒரு நாளும் சொல்லாதது எப்படிங்க அவன் பேச்சாகும்?"

"இந்தக் கேள்வி விதிகளில் இல்லை" என்றார் ஜெயபாலன். அட்டை வேண்டுமானால் தூய்மை வகுப்புக்கு வந்து தேர்வில் வெல்ல வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

வகுப்பு அதே கட்டடத்தில், பில்லியர்ட்ஸ் மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு நடந்தது. பேராக்கின் நாலா பக்கத்திலிருந்தும் நாடகக்காரர்கள் வந்து தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மாயாண்டியும் அர்ச்சுனனும் பின்வரிசையில் இருந்தார்கள். ஜெயபாலன் முன்னால் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"தோழர்களே! பகைவன் ஒரு கூத்தாடி. அவன் பேச்சே அவனைக் காட்டிக்கொடுக்கும். ஒரு காரியத்தில் தன் பங்கைச் செய்தால் 'ப்ளே எ பார்ட்' என்பான். நேர்மையாக நடந்தால் 'ஃபேர் ப்ளே.' வெளிவேஷம் போட்டால் 'புட் ஆன் எ ஷோ.' மறைவில் காரியம் நடத்தினால் 'பிஹைண்ட் த ஸீன்ஸ்.' அடுத்தவனுக்கு வர வேண்டிய கைத்தட்டலைத் தான் தட்டிக்கொண்டு போனால் 'ஸ்டீல் த ஷோ.' பதவிக்காக ஓரமாய்க் காத்திருந்தால் 'வெயிட்டிங் இன் த விங்ஸ்.' அவன் நம்மை ஆண்டான் என்றா நினைத்தீர்கள்? இல்லை தோழர்களே, விளையாடினான்!"

ஒவ்வொன்றையும் அவர் சொன்ன அழகு இருக்கிறதே! நாக்கு சுழன்றது, புருவம் ஏறி இறங்கியது. மூன்று வருஷமாக நல்ல காப்பி குடிக்காதவன் காப்பியை உறிஞ்சுவது போல உறிஞ்சி உறிஞ்சிச் சொன்னார்.

"இப்போது எல்லோரும் உரக்கச் சொல்லுங்கள். தெரியாத ஒன்றை எப்படித் தவிர்ப்பீர்கள்?"

தோட்டத்துக்காரர்களும் பட்டணத்து நாடகக் கொட்டகைக்காரர்களும் சேர்ந்து 'ஃபேர் ப்ளே, ஃபேர் ப்ளே' என்று முழங்கினார்கள். நூறு வருஷம் ஆண்ட வெள்ளைக்காரன் அந்த ஜனங்களுக்கு ஒரு இங்கிலீஷ் எழுத்துக்கூடச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதை ஒழிக்க வந்தவர்கள்தான் இலவசமாகக் கற்றுக்கொடுத்தார்கள்.

மாயாண்டி எழுந்து ஒரு சந்தேகம் கேட்டான். "ஐயா, விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்களத்துல பேர் கூப்பிட நிக்க வெச்சு, வராதவன் கூலிய வெட்டுனாரே துரை, அதுவும் வெளையாட்டுங்களா?"

"அது அவனுக்கு விளையாட்டு. உனக்கு இல்லை" என்றார் ஜெயபாலன். அவர் சொன்னதிலேயே அதுதான் முழு உண்மை என்று மாயாண்டிக்குப் பட்டது.

கடைசியாக 'ப்ளே செகண்ட் ஃபிடில்' வந்தது. அடுத்தவனுக்குக் கீழேயே கைகட்டி நிற்பது என்று பொருள் சொன்ன ஜெயபாலன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் அனுபவித்துச் சொல்கிறேன். இதே மண்டபத்தில் அவர்கள் ஆண்டுதோறும் நாடகம் போட்டார்கள். எனக்கு எல்லா வசனமும் மனப்பாடம். ஹீரோவின் வசனமும் தெரியும், ஹீரோயின் வசனமும் தெரியும். எனக்குக் கொடுத்தது தட்டு ஏந்தி நிற்கும் வேலைக்காரன் வேடம். வசனம் கிடையாது. 'ஜெயபாலன், யூ லுக் த பார்ட்' என்றார்கள், அந்த வேடத்துக்கென்றே பிறந்த முகமாம். வருஷா வருஷம் அதே தட்டு. அன்றுதான் எனக்கு விடுதலை உணர்வு பிறந்தது, தோழர்களே!" சற்று யோசித்து, "அவர்கள் ஒரே ஒரு வசனம் கொடுத்திருந்தால் கதை வேறு" என்றும் சேர்த்துக்கொண்டார்.

தேர்வு நாளில் முதலில் அர்ச்சுனனை எழுப்பினார். தவிர்க்க வேண்டிய சொற்களைச் சொல் என்றார். அர்ச்சுனன் கெட்டிக்காரன், பகைவனின் சொல் தனக்கு ஒன்றுகூடத் தெரியாது என்றான். தெரியாதவன் தவறிச் சொல்லிவிடக்கூடும் என்பதால் அவன் தோற்றான். அடுத்து மாயாண்டி எழுந்து, ராஜா வசனம் பேசும் குரலில், ஒன்று விடாமல் முழுவதையும் ஒப்பித்தான். வகுப்பே வாய் பிளந்தது. ஜெயபாலனின் முகம் மலர்ந்து, பிறகு கறுத்தது.

"இவ்வளவு தெளிவாக வருகிறதே பகைவனின் மொழி! உனக்கு யார் கற்றுக்கொடுத்தது?"

"நீங்கதாங்கய்யா."

ஜெயபாலன் விதிப்புத்தகத்தை வெகுநேரம் புரட்டிவிட்டு ஒரு தீர்வு கண்டார். "வாயை மூடிக்கொண்டு சொல்."

மாயாண்டி உதட்டை இறுக்கிக்கொண்டு 'ம்ம், ம்ம்ம்' என்று முழுவதையும் முனகினான். பிழையில்லை என்று ஜெயபாலன் எழுதிக்கொண்டார். அதே வழியில் அர்ச்சுனனும் முனகித் தேறினான். இருவருக்கும் தற்காலிக அட்டை கிடைத்தது. முத்திரை விழுந்தால்தான் அது நிரந்தரம். முத்திரையோ தாய்ச்சோவிடம் இருந்தது. ஜப்பானியப் படைத்தலைவர் மொரிட்டாவை அப்படித்தான் மரியாதையாக அழைக்க வேண்டும். அவர் தோட்டத்துக்கு வந்து, நாடகத்தைக் கண்ணால் பார்த்து, பிறகுதான் குத்துவாராம்.

எப்போது வருவார் என்று கேட்டுச் சொல்ல ஜெயபாலன் தாய்ச்சோவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். மாயாண்டி வெளியே பெஞ்சில் காத்திருந்தான். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. ஜெயபாலனுக்கு ஜப்பானிய மொழி வணக்கத்தோடு முடிந்துவிடும். தாய்ச்சோவுக்குத் தமிழ் ஆரம்பிக்கவே இல்லை, மலாயும் சந்தையில் பேரம் பேசும் அளவுக்குத்தான். ஆகவே இங்கிலீஷை எப்படி வேரோடு பிடுங்குவது என்று இரண்டு பேரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்கள். 'பிஹைண்ட் த ஸீன்ஸ்' என்றால் என்னவென்று மாயாண்டிக்கு அப்போதுதான் நன்றாக விளங்கியது.

நாடகத்துக்கு ஒரு வாரம் முன்னால் ஜெயபாலன் தோட்டத்துக்கு வந்து விதிகளை வாசித்தார். விளக்கேற்றக் கூடாது என்ற உத்தரவு இருப்பதால் நாடகம் மத்தியானமே நடக்க வேண்டும். ராஜா சாகும்போது டோக்கியோ இருக்கும் திசையில் சாய வேண்டும். ஒரு சிப்பாய் திசைகாட்டியை வைத்துப் பார்த்து, பிள்ளைகளை விடும் ஆயாக்கொட்டகைப் பக்கம் கையை நீட்டினான். அன்றிலிருந்து தோட்டத்துப் பிள்ளைகள் அந்தக் கொட்டகையை டோக்கியோ என்றே சொன்னார்கள்.

"அடுத்தது" என்றார் ஜெயபாலன், "பாடலை மறுபடி கேட்கும் முறை. வாய்க்கு வந்ததைக் கத்துவது இன்றோடு ஒழிந்தது. பாடலை மறுபடி கேட்க விரும்பும் தோழர் எழுந்து நிற்க வேண்டும். டோக்கியோ திசை நோக்கி இடுப்பு வரை குனிந்து வணங்க வேண்டும். அப்போது சபையில் உள்ள அனைவரும், அலுவலர், படைவீரர் உட்பட, எழுந்து வணங்க வேண்டும். பிறகு தன் பெயர், தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், மறுபடி கேட்பதற்கான காரணம் ஆகியவற்றைக் கூறி, 'மோ இச்சிதோ' என்று முழங்க வேண்டும். இன்னொரு தடவை என்று அதற்குப் பொருள். காரணத்தை நான் பரிசீலிப்பேன். நியாயமான காரணம் எதுவும் நிராகரிக்கப்படாது. இது விதி. சக்கரவர்த்தியின் பெயரால் தொடங்கிய நாடகம் மங்களம் பாடாமல் நிறுத்தப்படாது. இதுவும் விதி."

"இவ்ளோ செஞ்சு யாருங்கய்யா கேப்பா?" என்றார் கிழங்கு வாங்க வந்திருந்த மதார் சாகிப்.

"அதுதான் நோக்கம். வீண் உற்சாகத்தை நாட்டிலிருந்தே ஒழிப்பது."

அன்று சாயங்காலம் மாயாண்டியின் மனைவி நவமணி கிழங்கை வேகவைத்துக்கொண்டே கேட்டாள். "ஏங்க, நீங்க சாகறதுக்கு இவ்ளோ சட்டமா? நெசமாச் சாகறவனுக்கு ஒண்ணையும் காணோமே."

"முத்திர விழுந்துட்டா போதும் புள்ள."

"விழலன்னா?"

மாயாண்டி அடுப்பில் ஒரு சுள்ளியைச் செருகினான். அர்ச்சுனனுடைய தம்பியின் பெண்டாட்டி பக்கத்து வீட்டில் இன்னமும் ஒவ்வொரு வேளையும் ஒரு தட்டு அதிகமாக வைக்கிறாள். நவமணிக்கு அது தெரியும். அவள் பயந்தாள்; பயந்ததை மறைக்கவும் இல்லை.

நாடக நாளன்று கோயில் முன்னால் மேடை தயாராக இருந்தது. செமோரிலிருந்து மதார் சாகிப் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். தாய்ச்சோ மொரிட்டா, ஜெயபாலன், துப்பாக்கிச் சிப்பாய்கள் எல்லோரும் ஒரே லாரியில் வந்து இறங்கினார்கள். லாரி பெரியது. வந்த ஆட்களுக்கு அவ்வளவு பெரிய லாரி எதற்கு என்று நவமணி பார்த்தாள். லாரி ஓட்டிவந்த ராஜு ஈப்போத் தமிழன். அவனுக்கு ஒரு வாளித் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு விசாரித்தாள்.

ராஜு அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். "வண்டி காலியாத் திரும்பக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவுக்கா. நாடகம் முடிஞ்சதும் மேடையில உள்ள ஆம்பளைங்கள ஏத்தி, ஆறு மணிக்கு செமோர்ல நிக்கிற சயாம் ரயில்ல தள்ளணும்."

"அட்டைக்கு முத்திர குத்தறேன்னாங்களே!"

"குத்துவாங்கக்கா. ரயிலு போனப்புறம் குத்துவாங்க. முன்னாடியே குத்திட்டா ஏத்த முடியாதில்ல."

நவமணி மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "ரயில விட்டுட்டா?"

"விட்டுட்டா எனக்கு வேலை முடிஞ்சுது. வண்டிக்கு இன்னிக்கு மட்டுந்தான் எண்ணெ குடுத்திருக்காங்க. அடுத்த ரயிலு எப்போன்னு ஜப்பான்காரனுக்கே தெரியாது லா."

மேடையில் அதற்குள் நாடகம் தொடங்கிவிட்டது. நவமணி பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்து, பக்கத்திலிருந்தவள் காதில் ஏதோ சொன்னாள். அவள் அடுத்தவள் காதில் சொன்னாள். அது அப்படியே ஆண்கள் பக்கம் போய், மதார் சாகிப் வரைக்கும் சேர்ந்தது. மேடையில் இருந்த மாயாண்டிக்கு மட்டும் ஒன்றும் தெரியாது.

தாய்ச்சோவின் கைக்கடிகாரத்தில் நாலரை ஆனபோது மந்திரி குத்தினான். அது டோக்கியோ நேரம். சூரியன் இன்னும் உச்சியிலிருந்து சரியாக இறங்கக்கூட இல்லை. ராஜா ஆயாக்கொட்டகையை நோக்கிச் சாய்ந்து பாடினார்:

"போறேண்டி பொன்மயிலே, பொழுதும் சாயுதே – என்
பேரேனும் சொல்லியழு, பிரிவு நோகுதே."

பாடிச் செத்தார். சிப்பாய்கள் எழுந்து துப்பாக்கியைத் தோளில் மாட்டினார்கள். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து நவமணி எழுந்து நின்று டோக்கியோவை நோக்கிக் குனிந்தாள். தாய்ச்சோவும் எழுந்து குனிய வேண்டியதாயிற்று. ஆயாக்கொட்டகைக்குள் அப்போது ஒரு குழந்தைக்குக் கால்கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழந்தைக்குத்தான் வணக்கம் போய்ச் சேர்ந்தது.

"எம் பேரு நவமணி. அப்பா பேரு சடையன். இதே தோட்டந்தாங்க. எம் புருசன் இன்னொரு தடவ சாகணும்."

"காரணம்?" என்றார் ஜெயபாலன்.

"சட்டுன்னு செத்துட்டாருங்க. எனக்கு அழுது முடியல. மோ இச்சிதோ."

ஜெயபாலன் யோசித்தார். மனைவி அழுவது நியாயமான காரணம்தான். "அனுமதிக்கப்படுகிறது" என்றார்.

மாயாண்டி எழுந்து மண்ணைத் தட்டினான். ஊரே கேட்கும் பாட்டுத்தானே என்று ஒரு சின்னப் பெருமை அவனுக்கு. பாடினான்; செத்தான். உடனே மதார் சாகிப் எழுந்தார். எல்லோரும் எழுந்து குனிந்தார்கள். தனக்கு விக்கல் வந்ததால் பாட்டின் நடுவில் ஓரடி விட்டுப்போயிற்று என்றார். அனுமதிக்கப்பட்டது. அடுத்து எழுந்தவர் தன் பெயர், தகப்பன் பெயர், தகப்பன் கப்பலேறி வந்த வருஷம், வந்த கப்பலில் கொடுத்த கஞ்சியின் பதம் வரைக்கும் சொன்னார். நடுவில் நிறுத்த விதியில் இடமில்லை. இன்னொருவர் தனக்கு ஒரு காது கேட்காது, இந்தத் தடவை மற்றக் காதைத் திருப்பிக்கொள்ள விரும்புவதாக விண்ணப்பித்தார்.

குனிந்து குனிந்து தாய்ச்சோவின் இடுப்புப் பட்டை இறங்கிவிட்டது. கடிகாரத்தில் ஐந்தரை தாண்டியதைப் பார்த்து, போதும் என்பதாகக் கையை உயர்த்தினார். அந்தச் சமயத்தில் அர்ச்சுனனுடைய தம்பியின் பெண்டாட்டி எழுந்தாள். ஒரு வருஷமாக நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். "ராசா போன தடவை விழுந்தப்போ தல டோக்கியோ பக்கம் இல்லீங்க. கொஞ்சம் தள்ளி இருந்திச்சு. அத நேராக்கணும்ங்க."

ஜெயபாலன் இதைத் தாய்ச்சோவின் காதோடு மொழிபெயர்த்துச் சொன்னதும் உயர்ந்த கை இறங்கியது. டோக்கியோவுக்குத் தலை கோணலாகச் செத்தால் பரவாயில்லை என்று எந்தத் தாய்ச்சோவால் சொல்ல முடியும்? சிப்பாய் திசைகாட்டியோடு மேடை ஏறி, பிணத்தின் தலையைப் பிடித்து அளந்தான். கோணல்தான்.

மறுபடி குத்துவதற்குக் குனிந்த அர்ச்சுனன், மேடை ஓரத்தில் கேட்ட சேதியை அப்போதுதான் மாயாண்டியின் காதில் சொன்னான். "அண்ணே, அவசரப்பட்டுச் செத்துடாதீங்க. செத்து முடிச்சா சயாமு. லாரி நமக்குத்தான்."

மாயாண்டி கீழே பார்த்தான். லாரியின் பின்கதவு திறந்திருந்தது. நவமணி இமைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் அவன் செத்ததெல்லாம் வேஷம். இந்தத் தடவை சாகவே மனம் வரவில்லை. 'போறேண்டி' என்று எடுத்தான், குரல் உடைந்தது. உடைந்த இடத்திலிருந்தே பாடினான். ஒவ்வொரு சொல்லையும் விட மனமில்லாமல் இழுத்து இழுத்துப் பாடினான். பிள்ளைகள்கூட அசையவில்லை. பெண்களின் அழுகையில் இப்போது நடிப்பு எதுவும் இல்லை.

பாட்டு முடிந்து ராஜாவின் தலை சாய்ந்தது. தாய்ச்சோ சிப்பாய்களைப் பார்த்துத் தலையசைத்தார். அப்போது சபையின் முன்வரிசையிலிருந்து, கண்ணீரும் மூக்குமாய் ஒரு குரல் கிளம்பியது.

"ஒன்ஸ்மோர்!"

கத்தியவர் ஜெயபாலன்.

கத்திய பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று அவருக்கு உறைத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்கு ஒரு வசனம் கிடைத்ததே அன்றுதான். அது இப்படியா ஆக வேண்டும்! தாய்ச்சோ மெதுவாகத் திரும்பினார். தோட்டத்துக்காரர்களுக்கும் புரியும்படி மலாயில், உரக்கக் கேட்டார்.

"இனி பஹாசா அபா?" இது என்ன மொழி?

லாரியில் முதலில் ஏறப்போகிறவர் ஜெயபாலன்தான் போல இருந்தது.

செத்துக் கிடந்த ராஜா தலையைத் தூக்கினார்.

"பஹாசா தமிழ், துவான்" என்றான் மாயாண்டி. அவனுக்கு அதில் பொய் சொல்லும் எண்ணம் கொஞ்சமும் இல்லை. "எங்க தாத்தா காலத்துப் பேச்சு."

தாய்ச்சோ மாயாண்டியைப் பார்த்தார். பிறகு ஜெயபாலனைப் பார்த்தார். அது இங்கிலீஷ் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தினமும் கதவைச் சாத்திக்கொண்டு அந்த மொழியில்தானே பேசினார்! ஆனால் இத்தனை பேர் நடுவில், தன் சிப்பாய்கள் முன்னால், அது பகைவனின் சொல் என்று அவர் எப்படிச் சொல்வார்? உங்களுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டுவிட்டால்? பகைவனின் மொழி தெரிந்தவன் குற்றவாளி என்ற சட்டத்தில் கையெழுத்துப் போட்டவரே அவர்தான்.

"ஆ" என்றார் தாய்ச்சோ. "தமிழ். பாகுஸ்." நல்லது என்று ஏற்றுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பிறகென்ன? இத்தனை மாதமாக வயிற்றுக்குள் அடக்கி வைத்திருந்த சொல். கிழவன், கிழவி, மதார் சாகிப், பால்குடி மறக்காத குழந்தை, லாரி ஓட்டிவந்த ராஜு வரைக்கும் எல்லோரும் சேர்ந்து "ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!" என்று கத்தினார்கள். கோயில் கூரையிலிருந்த காக்கைகளெல்லாம் பறந்து போயின. மாயாண்டி எழுந்து சபைக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டான். அவன் அந்தத் தடவை பாடிக்கொண்டிருந்தபோது, செமோர்ப் பக்கத்திலிருந்து ரயில் ஊதுகிற சத்தம் கேட்டது. ஊதி, தேய்ந்து, சுண்ணாம்பு மலைகளுக்கு அப்பால் போய்விட்டது. நவமணி அப்போதுதான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ராஜா அன்றைக்குச் சிரித்த முகத்தோடு செத்தார். அதற்கும் விதியில் தடை இல்லை.

ரயில் போன பிறகு முத்திரை குத்தாமலிருக்கத் தாய்ச்சோவுக்குக் காரணம் எதுவும் இல்லை. அன்றே குத்தினார். மறுவாரம் அரங்கத் தூய்மை நிலையத்தின் வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது: 'ஒன்ஸ்மோர் என்பது தொன்மையான தமிழ்ச் சொல் என ஆராய்ந்து சான்றளிக்கப்படுகிறது.' கீழே ஜெயபாலன் கையெழுத்திட்டிருந்தார்.

அடுத்த வருஷம் ஜப்பான்காரன் போய் வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். பில்லியர்ட்ஸ் மேசை சுவரோரத்திலிருந்து நடுவுக்கு வந்தது. பகைவனுக்கு உழைத்தவர்களை விசாரிக்க ஒரு துரை அந்தக் கட்டடத்தில் உட்கார்ந்தார். ஜெயபாலனையும் கூப்பிட்டார்கள். அவர் கையோடு மாயாண்டியைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு போனார்.

"ஐயா" என்றார் ஜெயபாலன் துரையிடம், அருமையான இங்கிலீஷில். "ஜப்பானியர் காலம் முழுவதும் உயிரைப் பணயம் வைத்து இந்தத் தோட்டத்து மக்களுக்கு உங்கள் மொழியைக் கற்றுக்கொடுத்தேன். ஜப்பானியர் கண்ணெதிரேயே வகுப்பு நடத்தினேன். மாயாண்டி, சொல்லிக் காட்டு!"

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மாயாண்டிக்கும் அந்த ஆள் மேல் கோபம் இல்லை. தன் பாட்டுக்கு அழுதவரைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, ராஜா குரலில், 'ப்ளே எ பார்ட், ஃபேர் ப்ளே, புட் ஆன் எ ஷோ' என்று தொடங்கி 'செகண்ட் ஃபிடில்' வரைக்கும் ஒரே மூச்சில் ஒப்பித்தான். துரை முதலில் திகைத்தார். பிறகு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, விரலை உயர்த்தி என்னவோ சொன்னார். மாயாண்டி திரும்பவும் ஒப்பித்தான். ஜெயபாலனுக்கு அன்றே பழைய மேசையும் நாற்காலியும் கிடைத்தன.

வீட்டுக்கு வந்தவனிடம் நவமணி கேட்டாள். "போன காரியம் என்னாச்சு? தொர திட்டுனாரா?"

"இல்ல புள்ள. நல்ல மனுசன்." மாயாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாய்கொள்ளாத பெருமையோடு சொன்னான். "இந்தத் தடவ வந்திருக்கிற தொர தமிழ் பேசுறாரு. நான் சொல்லி முடிச்சதும் ஒன்ஸ்மோர்னு கேட்டாரு லா."